ஃபயர்வாலை அணைக்காமல் ஒரு மைன்கிராஃப்ட் சர்வர்

கோடை விடுமுறை தொடங்கிய மறுநாளே மகன் என்னிடம் கோரிக்கை வைத்துவிட்டான். ஓசூரில் இருக்கும் என் அக்கா மகனும் அவனும் சேர்ந்து மைன்கிராஃப்ட் விளையாட வேண்டுமாம். ஊரே கூடும் பொது சர்வரில் இல்லை, இரண்டு பேருக்கு மட்டுமான சொந்த உலகத்தில். வீட்டில் சும்மா கிடக்கும் டெஸ்க்டாப்பில் சர்வரை ஓடவிட்டால் போதும் என்று பள்ளியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் கணினித் துறை ஆள் இல்லை. அலுவலகத்தில் பிரிண்டர் மக்கர் செய்தால் முதலில் கூப்பிடப்படும் ஆள், அவ்வளவுதான். ஒரு மாலை வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன். மூன்று ராத்திரி ஆனது.

சர்வரை ஓடவைப்பது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. நாங்கள் எடுத்த 1.21 பதிப்புக்கு ஜாவா 21 வேண்டும். சர்வர் ஃபைலை ஒரு ஃபோல்டரில் போட்டு முதல்முறை ஓடவிட்டால், உரிம ஒப்பந்த ஃபைல் ஒன்றை எழுதிவைத்துவிட்டு நின்றுவிடும். அதைத் திறந்து ‘ஃபால்ஸ்’ என்பதை ‘ட்ரூ’ ஆக்கிவிட்டு மறுபடி ஓடவிட வேண்டும். அதே கணினியில் விளையாட்டைத் திறந்து சர்வர் முகவரியாக லோக்கல்ஹோஸ்ட் (‘இதே கணினி’ என்று பொருள்) என்று கொடுத்ததும் உள்ளே போய்விட்டோம். மகன் கைதட்டினான். அப்புறம் தன் லேப்டாப்பில் டெஸ்க்டாப்பின் முகவரி 192.168.1.5ஐப் போட்டான். கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு ‘கனெக்‌ஷன் டைம்டு அவுட்’.

இதற்குள் ஓசூரிலிருந்து ஆலோசனை வந்துவிட்டது. “மாமா, 19132 போர்ட்டைத் திறந்து விடுங்க, வீடியோல அப்படித்தான் சொல்றாங்க.” போர்ட் என்பது கணினியில் ஒரு நிரல் இணைப்புக்காகக் காத்திருக்கும் எண்ணிட்ட வாசல். டிசிபி, யுடிபி என்பவை தகவலை அனுப்பும் இரண்டு முறைகள். மருமகன் பார்த்தது வேறு மைன்கிராஃப்ட். ஃபோனிலும் கன்சோலிலும் ஓடும் பெட்ராக் பதிப்புதான் யுடிபி 19132ஐப் பயன்படுத்துகிறது. கணினியில் ஓடும் ஜாவா பதிப்புக்கு டிசிபி 25565. இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. பெயர் ஒன்று என்பதால் வீடியோவைப் பார்த்துப் பார்த்து 19132ஐத் திறந்துவைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் நிறைய இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அவனுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. அவன் பக்கம் எதையுமே திறக்க வேண்டியதில்லை. கணினியின் வாசல்காவலனான விண்டோஸ் ஃபயர்வாலின் வழக்கமான ஏற்பாடு, உள்ளிருந்து வெளியே போவதை விட்டுவிடுவது, வெளியிலிருந்து தானாக உள்ளே வருவதை மறிப்பது. நாம் கேட்டதற்குப் பதிலாக வருவது தாராளமாக உள்ளே வரும். ஆகவே சேர்ந்து விளையாடப் போகிறவனுக்கு ஃபயர்வால் அநேகமாகத் தொல்லை தராது. சர்வரை வைத்திருக்கிறவன்தான் கதவைத் திறக்க வேண்டும். வேறு ஆன்டிவைரஸ் தொகுப்பு போட்டிருந்து அது தன் ஃபயர்வாலையும் கொண்டுவந்திருந்தால் கதை மாறும். அப்போது விண்டோஸில் என்ன ரூல் எழுதினாலும் எடுபடாது, அந்தத் தொகுப்பின் அமைப்புக்குள் போய்த்தான் எழுத வேண்டும். எங்கள் டெஸ்க்டாப்பில் அப்படி எதுவும் இல்லை.

சரி, முதலில் சர்வர் காது கொடுத்துக் கேட்கிறதா என்று பார்த்தேன். கமாண்ட் ப்ராம்ப்ட்டில் நெட்ஸ்டாட் கட்டளையை ஏ, என், ஓ என்ற மூன்று எழுத்துகளோடு அடித்தால் எந்தப் போர்ட்டில் எந்த நிரல் காத்திருக்கிறது என்று பட்டியல் வரும். 25565க்கு நேரே ‘லிஸனிங்’ என்று இருந்தது. வரியின் கடைசியில் இருந்த எண்ணை டாஸ்க் மேனேஜரில் தேடினால் ஜாவா. ஆக சர்வர் விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. பொதுவாக, யாரும் கேட்காத போர்ட்டைத் தட்டினால் ‘ரெஃப்யூஸ்டு’ என்று உடனே பதில் வரும், ஃபயர்வால் மறித்தால் பதிலே வராமல் ‘டைம்டு அவுட்’ ஆகும். ஆனால் விண்டோஸ் ஃபயர்வால் ஆளில்லாத போர்ட்டுக்கும் பதில் சொல்லாமல் மௌனம் காக்கும். அதனால் வெளியிலிருந்து பார்த்தால் சர்வர் ஓடாததும் ஃபயர்வால் மறிப்பதும் ஒரே மாதிரிதான் தெரியும். ‘இருக்கிறாயா’ என்று கணினியைக் கேட்கும் பிங் கட்டளையை அடித்துப் பார்ப்பதும் அப்படித்தான். பிங்குக்கு விண்டோஸ் பதில் சொல்லவில்லை என்பதால் கணினி செத்துவிட்டது என்று ஆகாது.

விண்டோஸ் ஃபயர்வாலின் ‘அட்வான்ஸ்டு’ பக்கத்தைத் திறந்து, இடது ஓரத்தில் ‘இன்பவுண்ட் ரூல்ஸ்’ போய், வலது ஓரத்தில் ‘நியூ ரூல்’. போர்ட், டிசிபி, 25565, அலவ். ப்ரொஃபைலில், அதாவது எந்த வகை நெட்வொர்க்குக்கு என்று கேட்கும் இடத்தில், ‘ப்ரைவேட்’ மட்டும் டிக். வீட்டு வைஃபை ப்ரைவேட் என்றுதான் பதிவாகியிருந்தது, அதையும் சரிபார்த்துக்கொண்டேன். பச்சை டிக்கோடு ரூல் பட்டியலில் ஏறியது. மகன் லேப்டாப்பில் மறுபடி அழுத்தினான்.

டைம்டு அவுட்.

ரூலை அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். கணினியை மறுதொடக்கம் செய்தேன். ரவுட்டரை அணைத்துப் போட்டேன், அதற்கு இதில் வேலையே இல்லை என்று தெரிந்தும். கடைசியில் எல்லாரும் சொல்லும் அந்தக் காரியத்தைச் செய்தேன், ஃபயர்வாலை மொத்தமாக அணைத்தேன். மகன் உடனே உள்ளே போய்விட்டான். “அப்பா, வேலை செய்யுது, அப்படியே விட்டுடுங்க!”

விடவில்லை. இரண்டு நிமிடத்தில் திரும்பப் போட்டேன். இந்த அணைப்புக்கு ஒரே ஒரு பயன்தான், குற்றவாளி யார் என்று தெரிந்துகொள்வது. தெரிந்தாயிற்று. அதற்குமேல் அணைத்துவைப்பது எனக்கு ஒப்பாது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற வோர்ம் (தானாகப் பரவும் தீய நிரல்) பரவியபோது, இணையத்தில் நேரடியாக இணைந்திருந்த எக்ஸ்பி கணினிகள் யாரும் எதையும் க்ளிக் செய்யாமலேயே விழுந்துகொண்டிருந்தன. எக்ஸ்பியிலேயே ஒரு ஃபயர்வால் இருந்தது. ஆனால் அணைந்த நிலையில்தான் வந்தது. அடுத்த ஆண்டு வந்த சர்வீஸ் பேக் 2 அதைத் தானாகவே இயங்கும்படி மாற்றியது. பழங்கதை என்று தோன்றினால் மைன்கிராஃப்டிலேயே ஒன்று இருக்கிறது. 2021 டிசம்பரில் லாக்4ஷெல் ஓட்டை வெளியானபோது, சாட்டில் ஒரு குறிப்பிட்ட வரியை அனுப்பினாலே சர்வர் ஓடும் கணினியில் வேண்டாத நிரலை இயக்க முடியும் என்று ஆனது. 1.18.1 பதிப்பில் அடைத்தார்கள். விளையாட்டு சர்வர்தானே, யார் வரப்போகிறார்கள் என்று சொல்வதற்கில்லை.

இரண்டாம் ராத்திரி ஃபயர்வாலின் பதிவேடான லாகில் போயிற்று. அதே அட்வான்ஸ்டு பக்கத்தில் ப்ராப்பர்டீஸ் திறந்து, ப்ரைவேட் தாவலில் லாகிங்கைத் தேடி, ‘தடுக்கப்பட்ட பாக்கெட்டுகளை எழுது’ என்பதை ‘யெஸ்’ ஆக்கினேன் (பாக்கெட் என்றால் நெட்வொர்க்கில் போகும் தகவல் பொட்டலம்). சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் லாக்ஃபைல்ஸ், அதற்குள் ஃபயர்வால், அதற்குள் ஒரு டெக்ஸ்ட் ஃபைல். சாதாரணமாகத் திறக்காது, நோட்பேடை அட்மின் உரிமையோடு திறந்துதான் பார்க்க வேண்டும். எழுத்து வந்து சேரவும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். மகனை மூன்று முறை முயலச் சொல்லிவிட்டுத் திறந்தேன். ‘டிராப் டிசிபி’, அனுப்பியது லேப்டாப்பின் முகவரி, வந்து சேர்ந்தது 192.168.1.5, போர்ட் 25565. ஒவ்வொரு முயற்சிக்கும் சில வரிகள், பதில் கிடைக்காத லேப்டாப் விடாமல் தட்டியிருக்கிறது.

அந்த வரிகளைப் பார்த்தபோது வந்த நிம்மதி கொஞ்சமல்ல. பாக்கெட் வாசல்வரை வந்துவிட்டது. வைஃபை, ரவுட்டர், முகவரி, போர்ட் எண் எதிலும் குறை இல்லை. வாசலில்தான் திருப்பி அனுப்பப்படுகிறது. ஆனால் எந்த ரூல் திருப்பி அனுப்பியது என்று அந்த லாக் சொல்லாது. அதை நாமே தேட வேண்டும்.

இன்பவுண்ட் ரூல்ஸ் பட்டியல் நீளமானது. முந்தின நாள் நான் எழுதிய ஒரு ரூலை மட்டும் பார்த்துவிட்டு மற்றதைப் பார்க்காமல் விட்டிருந்தேன். இப்போது ‘ஆக்‌ஷன்’ என்ற நெடுவரிசைத் தலைப்பை அழுத்தி வரிசைப்படுத்தினேன். ‘பிளாக்’ எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. சிவப்பு வட்டத்தோடு நான்கு வரிகள். இரண்டு ‘ஓபன்ஜேடிகே பிளாட்ஃபார்ம் பைனரி’ என்ற பெயரில், சர்வரை ஓட்டும் ஜாவாவுக்கு, டிசிபி ஒன்று, யுடிபி ஒன்று. மற்ற இரண்டு விளையாட்டோடு வரும் ஜாவாவுக்கு.

விஷயம் இதுதான். விண்டோஸ் ஃபயர்வாலில் ஒரே பாக்கெட்டுக்கு ‘விடு’ என்று ஒரு ரூலும் ‘மறி’ என்று ஒரு ரூலும் இருந்தால் ‘மறி’தான் ஜெயிக்கும். எது முதலில் எழுதப்பட்டது, எது மேலே இருக்கிறது என்பதெல்லாம் கணக்கில்லை. அடுக்குமாடி வாட்ச்மேனிடம் ஒருவர் ‘25565க்கு யார் வந்தாலும் விடு’ என்று சொல்லிவைத்திருக்கிறார். இன்னொருவர் ‘ஜாவா என்பவரைத் தேடி வருகிற யாரையும் விடாதே’ என்று சொல்லியிருக்கிறார். அந்த வீட்டில் குடியிருப்பவரே ஜாவாதான். வாட்ச்மேன் இரண்டாமவர் பேச்சைத்தான் கேட்பார். நான் எத்தனை முறை ரூலை அழித்து எழுதினாலும் இதே கதிதான்.

யார் எழுதிய ரூல் இது? மகனைக் கூப்பிட்டேன். புதிதாக ஒரு நிரல் போர்ட்டைத் திறக்கும்போது ஒரு பெட்டி வந்து அனுமதி கேட்கும், அதில் கேன்சல் அழுத்தினால் விண்டோஸ் அதை ‘வேண்டாம்’ என்று எடுத்துக்கொண்டு டிசிபிக்கும் யுடிபிக்கும் ஒவ்வொரு பிளாக் ரூல் எழுதிவிடும். கேன்சல் என்றால் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்றுதான் நாம் நினைப்போம். “அவசரத்துல கேன்சல் அடிச்சியா?” “இல்லப்பா, நான் எதையும் அழுத்தல.” நான் நம்பவில்லை. கொஞ்சம் குரலும் உயர்ந்துவிட்டது.

அவன் சொன்னது உண்மை என்று பிறகுதான் புரிந்தது. அவனுடையது அட்மின் உரிமை இல்லாத கணக்கு. நான்தான் அப்படி அமைத்துக் கொடுத்தேன். அட்மின் அல்லாத கணக்கில் ஒரு நிரல் இப்படிப் போர்ட்டைத் திறந்தால், விண்டோஸ் பெரும்பாலும் கேட்காமலேயே பிளாக் ரூலை எழுதிவிடுகிறது. நான் உட்காரும் முன்பே அவன் தன் கணக்கில் சர்வரையும் விளையாட்டையும் ஓடவிட்டுப் பார்த்திருக்கிறான். அதன் தடம்தான் அந்த நான்கு வரிகள். மறுநாள் காலை மன்னிப்புக்கு ஈடாகப் பரோட்டா வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

நான்கையும் அழித்தேன். என் பழைய ரூலையும் மாற்றி எழுதினேன். இந்த முறை ‘கஸ்டம்’ வகை: சர்வரை ஓட்டும் ஜாவா நிரலின் முழுப் பாதை, டிசிபி, உள்ளூர் போர்ட் 25565, ப்ரைவேட். நிரலையும் போர்ட்டையும் சேர்த்துக் கட்டிவிட்டால், நாளைக்கு வேறு ஏதாவது நிரல் அதே போர்ட்டில் வந்து உட்கார்ந்தாலும் இந்த ரூல் அதற்குப் பொருந்தாது. லேப்டாப்பில் அழுத்தினான், உள்ளே போனான். மணி பதினொன்றரை.

பன்னிரண்டுக்குள் நானே அதைக் கெடுத்தேன். வைஃபையில் விட்டுவிட்டு வருகிறதே என்று டெஸ்க்டாப்பை ரவுட்டரோடு கேபிளில் இணைத்தேன். மறுபடி டைம்டு அவுட். இந்த முறை பதறவில்லை. கேபிள் வழி வந்தது விண்டோஸுக்குப் புது நெட்வொர்க், அதற்குப் ‘பப்ளிக்’ என்று பெயர் சூட்டியிருந்தது. என் ரூல் ப்ரைவேட்டுக்கு மட்டும். செட்டிங்ஸில் ஈதர்நெட்டுக்குப் போய் ப்ரைவேட் ஆக்கியதும் சரியானது. முகவரியும் மாறியிருந்தது. அதனால் ரவுட்டரில் கேபிள் அட்டைக்கு 192.168.1.5 நிரந்தரமாகக் கிடைக்கும்படி ஒதுக்கி வைத்தேன். ரூலில் பப்ளிக்கையும் டிக் செய்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று கேட்கலாம். மேசைக் கணினிக்குச் சரி. லேப்டாப்பில் அப்படிச் செய்துவிட்டு ரயில் நிலைய வைஃபையில் இணைந்தால் அங்கேயும் கதவு திறந்தே இருக்கும்.

மூன்றாம் ராத்திரி ஓசூருக்கு. வீட்டுக்குள் வேலை செய்வது வேறு, வெளியிலிருந்து வருவது வேறு. ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் பக்கம் போய், வெளியிலிருந்து 25565க்கு வருவதை 192.168.1.5க்கு அனுப்பு என்று எழுதினேன். சோதிக்க மகன் லேப்டாப்பை என் ஃபோனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தேன். வீட்டு வைஃபையிலேயே இருந்துகொண்டு வெளி முகவரியை அடித்தால் சில ரவுட்டர்கள் அதைத் திருப்பி உள்ளே விடாது, அதை நம்பி ஏமாறக்கூடாது. ஹாட்ஸ்பாட்டிலிருந்தும் வரவில்லை. லாகைத் திறந்தேன். வெளியிலிருந்து ஒரு வரிகூட இல்லை. அதாவது பாக்கெட் வாசலுக்கே வரவில்லை. ஃபயர்வால் இந்த முறை நிரபராதி.

ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் இணைய முகவரி 100.72 என்று தொடங்கியது. ‘என் ஐபி என்ன’ என்று தேடினால் வந்தது முற்றிலும் வேறு எண். அதோடு புரிந்துவிட்டது. உலகத்தில் ஐபிவி4 முகவரிகள் தட்டுப்பாடு என்பதால், இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடுக்கிவைத்திருக்கிறது. சிஜிநாட் என்பார்கள். அதற்கென்றே 2012இல் 100.64.0.0 தொடங்கி 100.127.255.255 வரை, சுமார் 42 லட்சம் முகவரிகளை ஒதுக்கினார்கள். உங்கள் ரவுட்டரின் வெளி முகவரி இந்த வரம்புக்குள் இருந்தால், ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் எழுதுவது வீண் வேலை. நம் வீட்டு வாசலைத் திறந்துவைத்தோம், தெருமுனைக் கேட் நம் கையில் இல்லை. இந்த ஒரு எண்ணை முதலிலேயே பார்த்திருந்தால் ஒரு மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

ஸ்டாட்டிக் ஐபி, அதாவது நமக்கென்றே ஒரு மாறாத பொது முகவரி, கேட்டால் தருவார்கள், மாதாமாதம் கூடுதல் கட்டணம். இரண்டு பையன்கள் கோடை விடுமுறையில் கட்டை அடுக்குவதற்கு அது அதிகம். ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை வழியாக முயலலாம், ஆனால் அக்கா வீட்டு இணைப்பில் ஐபிவி6 இல்லை. கடைசியில் டெயில்ஸ்கேல் போட்டோம். இது வயர்கார்டு முறையில் இரண்டு கணினிகளுக்கும் நடுவே மறையாக்கம் செய்த ஒரு தனிப் பாதை போடுகிறது. இரண்டு பக்கமும் உள்ளிருந்து வெளியே கிளம்பித்தான் சந்திக்கின்றன, அதனால் ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டாம். நேர்வழி கிடைக்காவிட்டால் நடுவில் ஒரு இடைநிலை சர்வர் வழியாகப் போகும், அப்போது சற்றுத் தாமதமாகும். சொந்த உபயோகத்துக்கு இலவசம். அக்காவின் மின்னஞ்சலில் ஒரு கணக்கு, என் பக்கம் ஒரு கணக்கு, என் டெஸ்க்டாப்பை மட்டும் அவர்களுக்குப் பகிர்ந்தேன். எங்கள் மற்ற கணினிகள் அவர்களுக்குத் தெரியாது.

வேடிக்கை என்னவென்றால் டெயில்ஸ்கேல் தரும் முகவரிகளும் அதே 100.64 வரம்பிலிருந்துதான். ரவுட்டரில் அந்த எண்ணைப் பார்த்துச் சலித்துக்கொண்டவன், இப்போது 100 என்று தொடங்கும் முகவரியை ஃபோனில் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். “போட்டாச்சா?” “போட்டாச்சு மாமா... உள்ள வந்துட்டேன்!” பின்னால் அக்காவின் குரல்: “பன்னெண்டு மணிக்கு என்னடா உள்ள வர்றது, படு.”

போர்ட் ஃபார்வர்டிங் வரியை ரவுட்டரில் அன்றே அழித்தேன். பயனில்லாத திறப்பு எதற்கு. ஃபயர்வால் ரூலின் ‘ஸ்கோப்’ தாவலில் வெளி முகவரிகளாக வீட்டு நெட்வொர்க்கையும் 100.64 வரம்பையும் மட்டும் விட்டேன். சர்வரின் அமைப்பு ஃபைலில் ஒயிட்லிஸ்ட்டை ‘ட்ரூ’ ஆக்கி இரண்டு பையன்களின் பெயரை மட்டும் சேர்த்தேன். விளையாட வருபவரின் கணக்கு உண்மையா என்று சரிபார்க்கும் ஆன்லைன் மோடைத் தொடவில்லை. அதை அணைத்தால் யார் வேண்டுமானாலும் மருமகன் பெயரைப் போட்டுக்கொண்டு உள்ளே வரலாம், ஒயிட்லிஸ்ட்டுக்கு அர்த்தமே போய்விடும்.

இரண்டு வாரம் ஓடியது. அப்புறம் ஒரு நாள் மறுபடி டைம்டு அவுட். லாகைத் திறந்தால் டிராப், பட்டியலில் புதிதாக இரண்டு சிவப்பு வட்டங்கள். காலையில் நான்தான் ஜாவாவைப் புதுப்பித்திருந்தேன். ஃபோல்டர் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கிறது, எண் மாறியதும் பாதை மாறியது, என் ரூல் ஆளில்லாத பழைய முகவரியைக் காத்துக்கொண்டிருந்தது. இப்போது நிறுவும் பொதியை விட்டுவிட்டு ஜாவாவின் ஸிப் வடிவத்தை இறக்கி, சர்வர் ஃபோல்டருக்குள்ளேயே ‘ஜாவா’ என்ற பெயரில் பிரித்து வைத்திருக்கிறேன். புதுப்பிக்கும்போது உள்ளடக்கத்தை மட்டும் மாற்றுகிறேன், பாதை அப்படியே இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓசூரிலிருந்து ஃபோன். “மாமா, மறுபடியும் ஃபயர்வால் பிடிச்சுக்கிச்சு.” நெட்ஸ்டாட், லாக், சிவப்பு வட்டம் என்று வரிசையை மனதில் ஓட்டிக்கொண்டே அறைக்குள் போனேன். டெஸ்க்டாப் ஸ்லீப்பில் இருந்தது. மவுஸை ஆட்டினேன்.